மாசுபட்ட நிலத்தில் மண், நிலத்தடி நீர் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாக, ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் வண்டிகளுக்குப் பின்னால் சாம்பிள் பாட்டிலோடு அலைகிறேன். ஊர்க் கூட்டத்திலும் சரி, கம்பெனி மீட்டிங்கிலும் சரி, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் சரி, ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதிலை எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ராணிப்பேட்டையை எடுத்துக்கொள்கிறேன். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை, தோல் பதனிட உதவும் குரோமிய உப்புகளைத் தயாரித்தது. ஆலை மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு வெட்டவெளியில் கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் இறங்கும்.

1. தண்ணி மஞ்சளா வருது, கண்ணுக்கே தெரியுது. இதுக்கு மேல என்ன ஆய்வு வேண்டிக் கிடக்கு?

மாசு இருக்கிறது என்பதற்கு மஞ்சள் நிறமே சாட்சி, அதில் தகராறு இல்லை. ஆனால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது, அடுத்து யார் கிணற்றுக்கு வரப்போகிறது என்பதை நிறம் சொல்லாது. இவை தெரியாமல் சுத்தம் செய்ய உத்தரவு போட்டால், எங்கே தோண்டுவது, எங்கே நிறுத்துவது என்றே ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது.

இன்னொன்று. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கு மஞ்சள் தெரிய அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதால் அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது. ஆய்வு அதிகம் தேவைப்படுவதே அந்தத் தெளிவான கிணறுகளுக்குத்தான்.

2. இதுக்குன்னு சட்டம் இருக்கா, இல்ல போர்டு நினைச்சா பண்றது, நினைக்கலன்னா விடறதா?

ரொம்ப காலம் கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன மாதிரிதான் நடந்தது. 1974 நீர்ச் சட்டமும் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதிகாரம் கொடுத்தன. ஆனால் பழைய கழிவு கிடக்கும் நிலத்தை எந்த வரிசையில் ஆராய்வது என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை அரையாண்டுக்கு ஒருமுறை மாவட்ட அளவில் தயாரிக்க வேண்டும். தகவல் வந்த 90 நாளில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் (நீங்கள் சொன்ன 'போர்டு') முதற்கட்ட மதிப்பீட்டை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு செய்து, மாசுபட்ட இடம்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, ஊர்க்குப்பை மேடு ஆகியவை இதில் வராது, அவற்றுக்கு வேறு சட்டங்கள். விதிகள் வந்த சமயத்தில் நாடு முழுக்க 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. சீரமைப்பு தொடங்கியிருந்தது வெறும் ஏழில்.

'மாசுபடுத்தியவரே செலவைக் கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உறுதிப்படுத்தியது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கு அது. அதாவது, ராணிப்பேட்டைக்குப் பக்கத்து வீட்டு வழக்கு.

3. ஆய்வுத் திட்டம்னு நூறு பக்கம் எதுக்கு? எத்தனை போர், எத்தனை சாம்பிள்னு ஒரு பக்கத்துல போட்டா போதாதா?

எண்ணிக்கை கடைசியில் வரவேண்டியது. முதலில் வரவேண்டியது ஒரு படம்: மாசு எங்கே உருவானது, எந்த வழியாக இறங்குகிறது, யாரைப் போய்ச் சேர்கிறது. காகிதத்தில் குறுக்குவெட்டாக ஆலையை, கழிவு மேட்டை, மண்ணை, சிதைந்த பாறையை, தண்ணீர் மட்டத்தை, கீழே இருக்கும் கிணறுகளை வரையுங்கள். எந்த இடத்தில் நிச்சயமில்லையோ அங்கே கேள்விக்குறி போடுங்கள். ஒவ்வொரு துளையும் அந்தக் கேள்விக்குறிகளில் ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத துளை வெறும் செலவுதான்.

அந்தப் படத்தோடு, எந்தெந்த வேதிப்பொருளைத் தேடுகிறோம், எந்த அளவோடு ஒப்பிடப்போகிறோம், எப்படித் துளையிடுவோம், தோண்டிய மண்ணை என்ன செய்வோம், யார் பரிசோதிப்பார்கள் என்று எழுதி வாரியத்திடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வண்டி வர வேண்டும். முக்கியமான காரணம், ஒப்பிடும் அளவை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், முடிவு வந்த பிறகு அவரவர் வசதிக்கு ஒரு அளவைத் தேடுவார்கள். அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

4. பழைய கதையைக் கிளறி என்ன பிரயோஜனம்? நேரா வண்டியை வரச் சொல்லுங்க சார்.

பழைய கதைதான் இருப்பதிலேயே மலிவான சாம்பிள். ராணிப்பேட்டை ஆலையின் தொழிலையே பாருங்கள். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரைத்து எடுப்பார்கள். மிஞ்சும் சக்கை காரத்தன்மை உள்ளது. அதில் முழுதாகக் கரைத்தெடுக்க முடியாத ஆறு இணைதிறன் குரோமியம் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பேச்சில் 'குரோம் சிக்ஸ்'. காரத்தன்மையில் அது மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் தண்ணீரோடு ஓடும். மூன்று இணைதிறன் குரோமியமோ மண்ணிலேயே படிந்துவிடும். இந்த ஒரு பத்தி தெரிந்திருந்தால், மொத்த குரோமியம் மட்டும் பார்த்தால் போதாது, குரோம் சிக்ஸைத் தனியாகப் பார்க்க வேண்டும், கூடவே காரமா அமிலமா என்று காட்டும் பிஎச் அளக்க வேண்டும் என்று வண்டி வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அப்புறம் பழைய செயற்கைக்கோள் படங்கள், பத்திரத்தோடு இருக்கும் வரைபடம், ஊரார் நினைவில் இருக்கும் பழைய வாய்க்கால். எனக்குப் பல இடங்களில் ஆவணத்தைவிட அதிகம் உதவியது ஓய்வுபெற்ற வாட்ச்மேன்கள்தான். 'ராத்திரில டேங்கரை அந்த வேப்ப மரத்துக்கிட்டதான் திறந்து விடுவாங்க' என்ற ஒரு வரிக்கு எத்தனை துளையும் ஈடாகாது.

5. மண்ணுல எத்தனை இடத்துல எடுக்கணும்? ஏக்கருக்கு இத்தனைன்னு கணக்கு இருக்கா?

ஏக்கர் கணக்கு தப்பான கணக்கு. எவ்வளவு பெரிய மாசுத் திட்டைத் தவறவிட நீங்கள் தயார் என்பதுதான் சரியான கேள்வி. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துச் சம இடைவெளியில் எடுக்கும்போது, ஓரளவு வட்டமான ஒரு மாசுத் திட்டு 95 சதவீத நிச்சயத்தோடு சிக்க வேண்டுமானால், கட்ட இடைவெளி அந்தத் திட்டின் ஆரத்தை 0.59ஆல் வகுத்து வருவது. 20 மீட்டர் இடைவெளியில் எடுத்தால் ஒரு ஹெக்டேருக்கு 25 புள்ளிகள், அதில் சுமார் 24 மீட்டர் விட்டமுள்ள திட்டு சிக்கும். 10 மீட்டர் விட்டமுள்ள திட்டைப் பிடிக்க 8.5 மீட்டர் இடைவெளி வேண்டும், புள்ளிகள் 139 ஆகிவிடும். இந்தக் கணக்கைச் சொன்னதும் மீட்டிங்கில் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள்.

அதனால்தான் நான்காவது பதிலில் சொன்ன பழைய கதை. வாட்ச்மேன் காட்டிய வேப்ப மரம், கழிவுத் தொட்டி, வடிகால் ஆகிய இடங்களில் நெருக்கமாக, குறி வைத்து எடுங்கள். மீதி நிலத்தில் அகலமான கட்டம் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் மேல்மண் ஒன்று, நிறமோ மணமோ மாறும் ஆழத்தில் ஒன்று, சுத்தமாகத் தெரியும் அடிமண் ஒன்று என்று எடுக்க வேண்டும். அடிமண் சாம்பிள் இல்லாவிட்டால் எங்கே தோண்டுவதை நிறுத்தலாம் என்று சொல்லவே முடியாது.

6. செலவைக் குறைக்க அஞ்சு இடத்து மண்ணைக் கலந்து ஒரே சாம்பிளா கொடுக்கலாமே?

உர அளவு பார்க்க விவசாயத் துறை அப்படித்தான் எடுக்கச் சொல்லும், அங்கே அது சரி. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு இடத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஐந்தாவது இடத்தில் 500. கலந்தால் 108. வரம்பு 200 என்றால் தேறிவிட்டது! கலப்பது சுத்தப்படுத்துவது அல்ல. ஒரே மாதிரி இருக்கும் கழிவுக் குவியலின் சராசரியை அறியக் கலக்கலாம். எங்கே மாசு என்று தேடும்போது கலக்கக் கூடாது.

7. சுத்திலும் விவசாய போர் ஐம்பது இருக்கே. அதுல தண்ணி எடுத்தா ஆகாதா?

முதல் சுற்றில் கட்டாயம் எடுங்கள். குடிக்கிறவர்களைக் காப்பாற்ற உடனே தெரியவேண்டிய தகவல் அது. ஆனால் அதையே ஆய்வு என்று சொல்லிவிட முடியாது. நம் பக்கத்து விவசாய போர்களில் மேலே மண் சரியாமல் இருக்கும் ஆழத்துக்குத்தான் கேசிங் இருக்கும், கீழே பாறை திறந்தே இருக்கும். 60 அடியில் ஒரு ஊற்று, 180 அடியில் ஒரு ஊற்று, 400 அடியில் ஒரு ஊற்று, எல்லாம் கலந்து மோட்டாரில் வரும். மேலே உள்ள ஊற்று மட்டும் கெட்டிருந்தால் அது மற்ற இரண்டிலும் கரைந்து காணாமல் போகும். ஆறாவது கேள்வியின் கலப்பு வேலையை இங்கே போர்வெல்லே செய்துவிடுகிறது.

கண்காணிப்புக் கிணறு வேறு மாதிரி. குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் துளை போட்ட பிவிசி பைப், அதைச் சுற்றிச் சல்லி, அதற்கு மேல் பென்டோனைட் களிமண் அடைப்பு, அதற்கும் மேல் சிமென்ட். எந்த ஆழத்துத் தண்ணீர் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

8. கண்காணிப்புக் கிணறு மூணு போட்டா போதும்னு படிச்சிருக்கேன். சரியா?

மூன்று என்பது தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்டுபிடிக்கத் தேவையான குறைந்தபட்சம், அவ்வளவுதான். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. பைப்பின் வாய் உயரத்தை லெவல் கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் 'தண்ணீர் மட்டம் 6 மீட்டர், 7 மீட்டர்' என்று எழுதியிருக்கும் ரிப்போர்ட்டிலிருந்து திசையைச் சொல்ல முடியாது.

வடஆற்காட்டுப் பக்கம் அடியில் இருப்பது நைஸ், கிரானைட் வகைக் கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை, கீழே பிளவுகள், குறுக்கே சுவர் மாதிரி ஓடும் டோலரைட் பாறைகள். அந்தச் சுவர் சில இடங்களில் தண்ணீரைத் தடுக்கும், சில இடங்களில் அதன் ஓரமாகவே வழிவிடும். இதில் கோடை முழுக்க ஓடும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே மூன்றில் தொடங்குங்கள், திசை தெரிந்ததும் தண்ணீர் ஆலைக்கு வந்துசேரும் மேற்பக்கம் ஒன்று, கழிவுக்கு நேர் கீழே சில, இன்னும் தள்ளி எல்லையைக் காட்ட சில என்று கூட்டுங்கள். ஒரே இடத்தில் சிதைந்த பாறைக்கு ஒன்று, பிளவுக்கு ஒன்று என்று இரண்டு ஆழத்தில் போடுவதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பிற்பாடு கேட்டால் பணம் இருக்காது.

9. மாசு எவ்வளவு தூரம் போயிருக்கும்னு போர் போடாமலே சொல்ல முடியாதா?

தோராயமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நீர் ஊடுருவும் வேகத்தைச் சரிவால் பெருக்கி, நீர் ஓடும் இடைவெளியின் விகிதத்தால் வகுக்க வேண்டும். சிதைந்த பாறைக்கு நாளுக்கு 1 மீட்டர், சரிவு 200க்கு 1, இடைவெளி 5 சதவீதம் என்று வைத்தால், நாளுக்கு 10 சென்டிமீட்டர். வருடத்துக்கு 36 மீட்டர், இருபது வருடத்துக்கு முக்கால் கிலோமீட்டர்.

பிளவுப் பாறையில் இடைவெளி 1 சதவீதம் என்று மாற்றுங்கள், விடை ஐந்து மடங்காகிவிடும். இந்தக் கணக்கு எல்லையைச் சொல்வதற்கு அல்ல, கடைசிக் கிணற்றை எங்கே போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்வதற்கு. ஆலையின் காம்பவுண்டு சுவரோடு ஆய்வை முடித்துக்கொள்ளும் திட்டத்தை வாரியம் திருப்பி அனுப்ப இந்த ஒரு கணக்கே போதும்.

10. திருச்செங்கோட்டு வண்டியைக் கூப்பிட்டா ஒரே நாள்ல முடிச்சிடுவாங்களே?

முடிப்பார்கள், நாட்டிலேயே அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது தண்ணீர் கொண்டுவரும் வேலைக்கான வண்டி. காற்றழுத்தத்தில் சுத்தியல் இறங்கும்போது மண் தூளாகிப் பறக்கும், எந்தத் தூள் எந்த ஆழம் என்று உறுதியாகத் தெரியாது. சுத்தியலுக்கு ஊற்றும் ஆயில் துளைக்குள் போகும். பெட்ரோல், கரைப்பான் மாதிரி ஆவியாகும் பொருளைத் தேடுகிறீர்கள் என்றால் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். மண் சாம்பிளுக்கு ஆகர் (மண்ணைத் திருகி எடுக்கும் கருவி) அல்லது கோர் (மண்ணை உருளையாக அப்படியே எடுப்பது) எடுக்கும் வண்டி வேண்டும். பாறைக்குள் இறங்க மட்டும் சுத்தியல்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மேலே கெட்ட மண்ணைத் தாண்டித் துளை போகும்போது அதுவே மாசு கீழே இறங்க ஒரு குழாயாகிவிடுவது. முதலில் சிதைந்த பாறை வரை அகலமாகத் துளைத்து, கேசிங் இறக்கி, சிமென்ட் இறுகிய பிறகே சின்னத் துளையைக் கீழே தொடர வேண்டும். அதற்கு நாளாகும். வெளியே வரும் தூளையும் தண்ணீரையும் பக்கத்துப் பள்ளத்தில் விடாமல் டிரம்மில் பிடித்து, பரிசோதித்து, அபாயகரம் என்றால் கும்மிடிப்பூண்டியில் இருக்கிற மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை செய்பவர்களுக்குக் கையுறை, முகமூடி கட்டாயம். குரோம் சிக்ஸ் தூசி புற்றுநோய் தரக்கூடியது.

11. எந்த மாசத்துல எடுக்கணும்?

மே மாதம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒன்று. மட்டம் ஏறும்போது மேல்மண்ணில் காய்ந்து கிடந்த உப்பு கரைந்து இறங்கும், அதனால் மழைக்குப் பிறகு மாசு கூடுகிற கிணறும் உண்டு, நீர்த்துக் குறைகிற கிணறும் உண்டு. இரண்டாவது பதிலில் சொன்ன மூன்று மாதக் கெடுவுக்குள் இரண்டு பருவமும் அடங்காதே என்று கேட்பீர்கள். என் யோசனை: இடம் மாசுபட்டதா என்ற முடிவை ஒரு பருவத்தை வைத்தே எடுங்கள். இரண்டாவது பருவத்தைச் சீரமைப்புத் திட்டத்தின் முதல் வேலையாக எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

12. சாம்பிளை நல்ல லேப்ல கொடுத்தா மிச்சத்தை அவங்க பாத்துக்க மாட்டாங்களா?

பாட்டிலுக்குள் இருப்பதை மட்டும்தான் லேப் பார்க்கும். ஒருமுறை என் குழுவில் ஒரு தம்பி, ஐந்து கிணறுகளின் தண்ணீரை மோட்டார் வாயில் பிடிக்காமல், மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடித்து வந்துவிட்டார். முடிவுகள் அழகாக ஒரே மாதிரி வந்தன. ஐந்தும் ஒரே தொட்டி என்று தெரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. தவறு என்னுடையது, எங்கே பிடிக்க வேண்டும் என்று திட்டத்தில் நான் எழுதவில்லை.

கிணற்றில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, பிஎச்சும் மின்கடத்துத்திறனும் ஒரு நிலைக்கு வந்த பிறகு பிடியுங்கள். கரைந்த உலோகத்துக்கு என்றால் அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். குரோம் சிக்ஸுக்கு அந்த அமிலத்தைச் சேர்க்கவே கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து சாம்பிளுக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து வேறு பெயரில் கொடுங்கள். சுத்தமான தண்ணீர் பாட்டில் ஒன்றையும் கூடவே அனுப்புங்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்ற சீட்டு இல்லாவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் முதல் கேள்வியிலேயே சாம்பிள் விழுந்துவிடும்.

13. இது இயற்கையிலேயே மண்ணுல இருக்கறதுதான்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்களே?

சில சமயம் உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு பாறையிலிருந்து வருவது, அதற்கு எந்த ஆலையையும் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் எட்டாவது பதிலில் மேற்பக்கம் ஒரு கிணறு கேட்டேன். அதே பாறை, அதே ஆழம், ஆலையின் நிழல் படாத இடம். மண்ணுக்கும் அப்படியே ஐந்தாறு புள்ளிகள். அந்த இடத்தைக் கம்பெனி மட்டும் தேர்ந்தெடுக்க விடாதீர்கள், ஊர்க்காரர்களும் வாரியமும் சேர்ந்து நின்று குறிக்க வேண்டும்.

14. எந்த அளவைத் தாண்டினா மாசு? ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க.

தண்ணீருக்குக் குடிநீர்த் தரம் இருக்கிறது. மண்ணில்தான் சண்டையே. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பாருங்கள். 2001இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, ஆலை மூடப்பட்டது, 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதற்குப் பிறகு மண்ணைக் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வரை சுத்தம் செய்வது என்பதில் வருடக்கணக்கில் வாதம். 20 என்ற அளவு மனிதர்கள் குடியிருக்கும் நிலத்துக்கானது. ஆலைக்குக் கீழே இருப்பதோ பாம்பார் சோலை, அதற்கு இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்றார்கள் எதிர்த்தவர்கள்.

ஆக, நம்பரைக் கேட்பதற்கு முன் நிலம் எதற்குப் பயன்படப் போகிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவது பதிலின் படத்தில் அது இருக்கும்.

15. கழிவை லாரியில அள்ளிட்டுப் போயாச்சுன்னா பிரச்சினை முடிஞ்சதுதானே?

போபாலில் 337 டன் கழிவு 2025 ஜனவரியில் பீதம்பூருக்குப் போய், அங்கே எரிக்கப்பட்டது. அது கிடங்கில் இருந்த கழிவு. யூனியன் கார்பைடு வளாகத்து மண்ணிலும் சுற்றுவட்டார நிலத்தடி நீரிலும் இறங்கியது அந்த லாரிகளில் ஏறவில்லை. மேட்டை அள்ளிய பிறகு அடிமண்ணை மறுபடி சோதித்து, கண்காணிப்புக் கிணறுகளில் பல வருடம் தொடர்ந்து பார்ப்பதும் ஆய்வுத் திட்டத்தின் பகுதிதான்.

16. ஒரே கிணறு. போர்டு ரிப்போர்ட்ல 2.1, கம்பெனி ரிப்போர்ட்ல 0.04. யாரோ ஒருத்தர் பொய்தானே சொல்றாங்க?

பொய் இல்லாமலேயே இப்படி வரலாம். ஒருவர் வடிகட்டாமல் கலங்கல் தண்ணீரில் மொத்த குரோமியம் பார்த்திருப்பார், இன்னொருவர் வடிகட்டி குரோம் சிக்ஸ் மட்டும் பார்த்திருப்பார். ஒருவர் மே, ஒருவர் ஜனவரி. ஒருவர் தேங்கிய தண்ணீர், ஒருவர் இறைத்த பிறகு. முதலில் இரண்டு களக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்து, எடுத்த தேதி, ஆழம், வடிகட்டியதா, எதை அளந்தது என்று ஒப்பிடுங்கள். களக் குறிப்பே கொடுக்க மறுப்பவர் மீது சந்தேகப்படலாம்.

தீர்க்க ஒரே வழி, இரு தரப்பும் ஒரே நேரத்தில் நின்று, ஒரே இறைப்பில் வரும் தண்ணீரை மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றை இருவருக்கும் சம்பந்தமில்லாத, லேப்களின் தரத்தைச் சான்றளிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புவது.

17. ரிப்போர்ட்ல 'கண்டறியப்படவில்லை'ன்னு போட்டிருக்கு. அப்போ சுத்தம்தானே?

எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியவில்லை என்று பாருங்கள். லேபின் கருவி 0.1க்குக் கீழே பார்க்க முடியாதது என்று வைத்துக்கொள்வோம். குரோமியத்துக்கு வரம்பு 0.05. அந்தத் தண்ணீரில் 0.09 இருந்தாலும் ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் வரும். வரம்பை மீறிய தண்ணீர், ஆனால் காகிதத்தில் சுத்தம்.

முடிவு இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே கருவியின் கண்டறியும் அளவு எழுதியிருக்க வேண்டும். அது காலியாக இருந்தால், சாம்பிள் எண்ணைக் குறிப்பிட்டு, அளவையும் சோதனை முறையையும் எழுத்தில் கேட்டு வாரியத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.